ஐந்து கோடும் தெரியும் வீடு

காலை ஆறரைக்கு ஆறாம் சுரங்கத்தில் பேர் கூப்பிடுவார்கள். கூப்பிடுவது ஆளில்லை, சுவர். ஒவ்வொரு வீட்டுச் சுவரும் அந்த வீட்டில் குடியிருப்பவர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லும். பெயருக்குரியவர் ‘இருக்கேன்’ என்று பதில் சொன்னால் அவருடைய அன்றைய காற்று முழுதாகத் திறக்கும், சொல்லாவிட்டால் உயிர் நிற்கும் அளவுக்கு மட்டும். பல் துலக்கிக்கொண்டே சொல்வார்கள். தூக்கத்தில் புரண்டபடி சொல்வார்கள். சண்டைக்கு நடுவில் ஒரு நொடி நிறுத்தி, சொல்லிவிட்டு, சண்டையைத் தொடர்வார்கள். செவ்வாய்க் கோளின் தரைக்கு நாற்பது மீட்டர் அடியில், எரிமலைக் குழம்பு ஓடிக் காலியான குகைக்குள், நாலாயிரம் பேர் தாங்கள் சாகவில்லை என்பதைத் தினமும் இப்படித்தான் தெரிவித்தார்கள்.

தொடர்ந்து முப்பது நாள் பதில் சொல்லாதவர் ‘அடங்கியவர்’. அவருடைய காற்று வேறொருவருக்குப் போய்விடும். விதிவிலக்கு கிடையாது. விதிவிலக்குக்கென்று தனியாகக் காற்று கிடையாது.

எழுபத்திரண்டாம் எண் வீட்டில் மூன்று பெயர்கள். செண்பகவல்லி, அவள் தம்பி மாடசாமி, அவள் கணவன் இசக்கிமுத்து. முதல் இரண்டு பெயர்களுக்கும் பதில் வந்தது. மூன்றாவது பெயரைச் சொல்லிவிட்டுச் சுவர் பத்து நொடி காத்திருந்தது. பிறகு, “இருபத்தெட்டாம் நாள்” என்றது.

இசக்கிமுத்து சுரங்கம் துளைக்கும் இயந்திரத்தை ஓட்டியவன். முகக்கவசத்தின் விளிம்பு வழியாகக் கல்தூள் உள்ளே போய் இரண்டு நுரையீரலும் கெட்டுப்போயின. புது நுரையீரல் பூமியில் வளர்கிறது. கப்பல் வர நாலு வருடம். அதுவரை அவன் வீட்டின் பின்னறையில் உறைபேழைக்குள் கிடக்கிறான். நாலு டிகிரி குளிர். நிமிடத்துக்கு ஆறு இதயத்துடிப்பு. ஆனால் மனதை முழுதாக உறங்கவைப்பதில்லை. ஆரம்ப காலத்தில் உறங்கவைத்துப் பார்த்தார்கள். உடம்பு எழுந்தது, ஆள் எழவில்லை. அதனால் பேழைக்குள் இருப்பவர் விழித்தே இருப்பார். கண் திறக்காது, வாய் அசையாது. மண்டைக்குள் பதித்த தலைவில்லை அவர் மனதுக்குள் சொல்லும் சொல்லை அலையாக வெளியே அனுப்பும். வீட்டார் பேசுவதை உள்ளே கொண்டுவரும். வீட்டாரின் தலையிலும் அதே மாதிரி வில்லை உண்டு. உத்தரத்தில் தொங்கும் அலைக்கூடு இடையில் நின்று தபால்காரன் வேலை பார்க்கும்.

முதல் பத்து மாதம் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. இசக்கிமுத்து பேழைக்குள் கிடந்தபடியே எல்லாவற்றிலும் தலையிட்டான். செண்பகவல்லி என்ன குழம்பு என்று சொன்னால் போதும், புளியைக் குறை என்பான். மாடசாமி வேலைக்குக் கிளம்பினால் பூட்ஸ் வார் கட்டினாயா என்று கேட்பான். பிறகு ஒரு காலையில் சுவர் கூப்பிட்டபோது பதில் வரவில்லை. அன்றைக்கும் இல்லை, மறுநாளும் இல்லை.

மருத்துவப் பிரிவு வந்து பார்த்தது. துடிப்பு சரி, மூளையும் வேலை செய்கிறது. “பேச விருப்பம் இல்லாம இருக்கலாம். சில பேர் அப்படியே அடங்கிடுவாங்க” என்று சொல்லிவிட்டுப் போனது. செண்பகவல்லி அலைப்பிரிவுக்கு எழுதினாள். ‘என் கணவருக்கு அலை எட்டவில்லை. வீச்சை இன்னும் கூட்டித் தரவும்.’

வந்தவள் தவமணி. ஐம்பது வயதுக்காரி. சுரங்கத்தில் அவளை அலைக்காரி என்றுதான் சொல்வார்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள்.

“கோடு எத்தனை காட்டுது?”

“அஞ்சு” என்றான் மாடசாமி. “எந்த மூலையில நின்னாலும் அஞ்சு. கக்கூஸ்ல கூட அஞ்சு.”

“அப்புறம் என்னை எதுக்கு வரச் சொன்னீங்க?”

“அஞ்சுக்கு மேல ஏத்த முடியுமான்னு பாக்கத்தாங்க்கா” என்றாள் செண்பகவல்லி. “அவுகளுக்கு எட்டல. எட்டுனா பேசாம இருப்பாகளா? இருவத்தஞ்சு வருசம் பேசுன வாயில்லா அது.”

ஆறாம் சுரங்கத்தில் அலையின் பலத்தைக் காட்டும் கோட்டுக்குத் தனி மரியாதை இருந்தது. வீட்டுக்குள் நுழைந்தால் கண்ணின் ஓரத்தில் எத்தனை கோடு ஒளிர்கிறது என்று விருந்தாளி முதலில் பார்ப்பார். பார்த்து, “நல்ல வீச்சு” என்பார். பெண் பார்க்கப் போகிறவர்களும் பார்ப்பார்கள். பேழையில் ஆளை வைத்துக்கொண்டு மூன்று கோட்டோடு இருக்கும் வீட்டைப் பற்றி, கிடக்கிற மனுசனைக் கவனிக்காத வீடு என்று பேச்சு வரும்.

“யார் கூட்டுனது?”

மாடசாமி நெஞ்சை நிமிர்த்தினான். “நாந்தான். ஒரு பயகிட்ட கடவுச்சொல் வாங்கி, எல்லாத்தையும் உச்சத்துல வச்சேன். முன்னாடி பின்ரூம்ல மூணு கோடுதான் வரும். அத்தான் இருட்டுல கெடக்குற மாதிரி இருந்துச்சு.”

“எப்போ?”

“ஒரு மாசம் இருக்கும்.”

தவமணி அவனை ஒரு முறை பார்த்துவிட்டுப் பின்னறைக்குப் போனாள்.

பேழையின் மேல் விபூதிப் பட்டை போட்டிருந்தார்கள். காகிதப் பூமாலை. ஒரு சின்ன மின்விளக்கு அணையாமல் எரிந்தது. முன்னால் பாய் விரித்திருந்தது.

“தினம் ரெண்டு வேளை வந்து உக்காந்து எல்லாத்தையும் சொல்லிருவேன்” என்றாள் செண்பகவல்லி. “முன்னாடியெல்லாம் இம்புட்டு சொன்னதில்லக்கா. சொன்னா மனசு லேசாயிருது.”

தவமணி பையிலிருந்து கேள்கருவியை எடுத்தாள். கரண்டி அளவுதான் இருக்கும். பக்கத்தில் இருக்கும் வில்லை என்ன அனுப்புகிறது என்பதைக் கூட்டின் உதவி இல்லாமல் நேராகக் கேட்க அது ஒன்றுதான் வழி. ஒரு முனையைப் பேழையின் தலைமாட்டில் வைத்து மறுமுனையைக் காதில் வைத்தாள்.

“இருக்கேன். இருக்கேன். இருக்கேன். இருக்கேன்.”

வில்லையின் குரல் களைப்பதில்லை. தொண்டை கட்டுவதில்லை. ஒரே சீராக, ஒரே உயரத்தில், நிறுத்தாமல் சொல்லிக்கொண்டிருந்தது. உள்ளே இருப்பவனுக்கு மணி தெரியாது. சுவர் கூப்பிடும் நேரத்தில் அவன் கண்ணயர்ந்திருந்தால் என்ன ஆவது. அதனால் எப்போதும் சொல்கிறான். நடுவில் ஒரு முறை, “ஏட்டி செண்பகம், என் சத்தம் கேக்கலியாட்டி” என்றது. பிறகு மறுபடி, “இருக்கேன். இருக்கேன்.”

தவமணி ஒரு முழு நிமிடம் நின்றாள்.

கோளாறு எளிது. வீட்டில் இரண்டு கூடுகள். கூடத்தில் பெரியது, பின்னறையில் சின்னது. மண்டைக்குள் இருக்கும் வில்லை சூடாகக் கூடாது என்பதால் அதன் குரல் மிகச் சன்னம். இரண்டு மீட்டர் தாண்டினால் எந்தக் கூட்டுக்கும் கேட்காது. அதற்காகவே பேழைக்கு இரண்டு முழத் தூரத்தில் சின்னக் கூட்டைப் பொருத்தியிருந்தார்கள். ஆனால் எந்தக் கூட்டின் சத்தம் பெரிதாகக் கேட்கிறதோ அதையே வில்லை தன் வீடு என்று எடுத்துக்கொள்ளும். மாடசாமி பெரிய கூட்டை உச்சத்தில் வைத்ததும் அதன் இரைச்சல் சுவரைத் துளைத்து வந்து சின்னதை அமுக்கிவிட்டது. வில்லை பக்கத்துக் கூட்டை விட்டுத் தூரத்துக் கூட்டைப் பிடித்துக்கொண்டது. அது கத்துவது இவனுக்குக் கேட்கும். இவன் சொல்வது அதற்கு எட்டாது. கண்ணோரத்தில் ஒளிரும் ஐந்து கோடும், கூடு எவ்வளவு பலமாகக் கத்துகிறது என்பதை மட்டும்தான் சொல்லும். அது கேட்கிறதா என்பதைச் சொல்லாது.

“குறைக்கணும்” என்றாள் தவமணி.

“என்னத்த?”

“கூடத்துக் கூட்டை. உச்சத்துல இருக்கு. கால்வாசிக்கு இறக்கணும்.”

செண்பகவல்லி கதவை மறித்து நின்றாள். “கெடக்குற மனுசனுக்குப் போற கஞ்சிய நிறுத்தச் சொல்லுதியளா? இன்னும் ரெண்டு நாளுதான் இருக்கு. ரெண்டு நாளு.”

“அஞ்ச ரெண்டாக்குததுக்கு ஒரு ஆளு” என்றான் மாடசாமி. “இதுக்குப் படிச்சிட்டு வேற வந்திருக்காக.”

“வீச்சைக் கூட்டுறதும் குறைக்கிறதும் வீட்டுக்காரங்க உரிமை. கைரேகை வைக்காம நான் தொட மாட்டேன்” என்றாள் தவமணி. “ஆனா இதைக் கேட்டுட்டுச் சொல்லுங்க.” கேள்கருவியை செண்பகவல்லியின் காதில் வைத்தாள்.

செண்பகவல்லியின் முகத்தில் முதலில் ஒரு மாற்றமும் இல்லை. பிறகு அவள் பாயில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடியே கையை நீட்டினாள். கட்டைவிரல் ரேகை மூன்றாவது தடவைதான் பதிந்தது.

வீச்சை இறக்கிய இரண்டு நிமிடத்தில் வில்லை சின்னக் கூட்டுக்கு மாறியது. அக்காள், தம்பி இருவர் தலைக்குள்ளும் ஒரே நேரத்தில் குரல் வந்தது.

“இருக்கேன். இருக்கேன்.”

“இருக்கீகய்யா, இருக்கீக” என்று பேழையைக் கட்டிக்கொண்டு அழுதாள் செண்பகவல்லி. மாடசாமி சுவரில் தலையை முட்டிக்கொண்டு சிரித்தான்.

“கேக்குதாட்டி? நான் பேசுதது கேக்குதா?”

“கேக்குதுய்யா.”

“அப்பம் ஒரு விசயம் கேக்கணும்” என்றது பேழைக் குரல்.

தவமணி பையை மூடிக்கொண்டு கிளம்பினாள். மற்றவர்கள் வீட்டுப் பேச்சை நின்று கேட்பது அவள் வழக்கமில்லை.

அந்த இருபத்தெட்டு நாளில் நடந்தது இதுதான். பதில் சொல்லாத மனிதனிடம் எதையும் சொல்லலாம் என்று இரண்டு பேரும் தனித்தனியாகக் கண்டுபிடித்திருந்தார்கள். ஒன்பதாம் நாள் மாடசாமி பேழை முன் மண்டியிட்டு, அந்த முகக்கவசத்தின் ரப்பர் வளையத்தை மாற்றியிருக்க வேண்டியது தன் வேலைதான் என்றும், மாற்றாமலே மாற்றியதாக எழுதிவிட்டதாகவும் சொன்னான். சொல்லி முடித்து அழுதான். மௌனம் இருந்தது. மன்னிப்பு மாதிரியே இருந்தது. அன்று அவன் இரண்டு தட்டு சோறு தின்றான். இருபதாம் நாள் செண்பகவல்லி சொன்னாள். பத்து வருடத்துக்கு முன் பூமிக்குத் திரும்புகிறவர்கள் பட்டியலில் இசக்கிமுத்துவின் பெயர் வந்தது. அவன் வேலையில் இருந்தபோது அவள்தான் பதில் அனுப்பினாள், ‘வர விருப்பமில்லை’ என்று. அவனிடம் சொல்லவில்லை. ஊரில் அவன் அம்மா உயிரோடு இருந்தாள். அந்த வீட்டுக்குத் திரும்பிப் போக செண்பகவல்லிக்கு மனமில்லை. இதையும் மௌனம் வாங்கிக்கொண்டது.

இப்போது மௌனம் பேச ஆரம்பித்திருந்தது.

இசக்கிமுத்து திட்டவில்லை. சாபம் விடவில்லை. கேள்வி கேட்டான்.

“ஏல மாடசாமி. வளையத்த ஏன் மாத்தல?”

“மறந்துட்டேன் அத்தான்.”

“மறந்தியா, சோம்பலா?”

“மறதிதான் அத்தான்.”

“மறந்தா எப்படில மாத்துனேன்னு எழுதுவ? மறந்தவன் எழுதவும்லா மறப்பான்.”

செண்பகவல்லி குளிக்கப் போனால் அங்கே கேட்கும். “என்ன பதில் எழுதுன? அந்த வார்த்தைய அப்படியே சொல்லு.” சோற்றில் கை வைத்தால் கேட்கும். “எழுதுறதுக்கு முன்னாடி எவ்வளவு நேரம் யோசிச்ச? ஒரு மணி நேரம் இருக்குமா?” பக்கத்து வீட்டாள் வந்து உட்கார்ந்திருக்கும்போது, அவளுக்குக் கேட்காமல், செண்பகவல்லியின் தலைக்குள் மட்டும் கேட்கும். “எங்க ஆத்தா என்னைக்குட்டி செத்தா? அந்தக் கப்பல்ல போயிருந்தா அவ மொகத்தப் பாத்திருப்பேனா? கணக்குப் போட்டுச் சொல்லு.” அவள் கணக்குப் போட்டிருந்தாள். பார்த்திருப்பான்.

அவனுக்கு வேறு வேலை கிடையாது. தூக்கம் குறைவு. இன்னும் மூன்று வருடம் பாக்கி.

தினமும் ஆறரைக்குச் சுவர் கூப்பிட்டதும் அவன் பதில் சொன்னான். அவனுடைய காற்று ஒழுங்காகத் திறந்தது.

வீச்சைக் குறைத்த பன்னிரண்டாம் நாள் அதே வீட்டிலிருந்து அலைப்பிரிவுக்கு ஒரு விண்ணப்பம் வந்தது. ‘குளியலறையில் இரண்டு கோடுதான் வருகிறது. ஆவன செய்யவும்.’

தவமணி மறுபடி வந்தாள். கூடத்தில் செண்பகவல்லியும் மாடசாமியும் கண்ணுக்குக் கீழே கருத்து, ஒருவரை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். இசக்கிமுத்துவின் குரல் கேட்காமல் இருக்க, செண்பகவல்லி வில்லையின் காதடைப்பைப் போட்டுக்கொண்டு பேசினாள். சட்டப்படி ஒரு நாளைக்கு இருபது நிமிடம்தான் போட்டுக்கொள்ளலாம்.

“ரெண்டு கோடு வந்தா போதுமே” என்றாள் தவமணி. “குளிக்கத்தானே போறீங்க.”

“வாறவங்க போறவங்க என்ன நெனப்பாக? பேழைல ஆள வச்சிட்டு ரெண்டு கோடு வச்சிருக்காளேன்னு சொல்ல மாட்டாகளா?”

“கூட்டுனா மறுபடி பழையபடி ஆகும். அவர் சத்தம் வராது.”

மாடசாமி கால் பெருவிரலைப் பார்த்தான்.

“வராம போனா முப்பதாம் நாள் அடங்கியவர்னு எழுதிடுவாங்க” என்றாள் தவமணி.

“ஐயோ, அது கூடாதுக்கா” என்று பதறினாள் செண்பகவல்லி. நிஜமாகவே பதறினாள். “அவுக இருக்கணும். அவுக இல்லாம எனக்கு ஆரு இருக்கா? அதான் யோசிச்சேன். மாசத்துல ஒரு நாளு மட்டும் குறைச்சு வச்சா, அன்னைக்குப் பேரு கூப்பிடும்போது சொல்லிருவாகல்லா?”

தவமணி அவளைப் பார்த்தாள்.

“அமாவாசைக்கு அமாவாசை வச்சுக்கிடலாம்” என்றாள் செண்பகவல்லி. “முப்பது நாளுக்குள்ள வந்துரும். நாள் மறக்காது.”

அந்தக் கோளிலிருந்து பூமியின் நிலாவைப் பார்த்தவர் யாரும் அந்த வீட்டில் இல்லை. ஆனால் நாட்காட்டியில் அமாவாசை இருந்தது. கணக்கும் சரியாக இருந்தது.

“சரி, அன்னைக்கு ஒரு நாள் முழுக்க...”

“ஒரு நாளு முழுக்கவா?” என்றான் மாடசாமி.

“காலைல பத்து நிமிசம் போதாதாக்கா?” என்றாள் செண்பகவல்லி. “அன்னைக்கு நான் சமைக்கணும். அவுகளுக்குப் புடிச்சதெல்லாம் செஞ்சு வைக்கலாம்னு இருக்கேன்.”

“அவரு உள்ளே முழிச்சிட்டிருக்காரு.”

“தெரியும்.”

“பேசிட்டுத்தான் இருப்பாரு.”

“பேசட்டும்க்கா. வேண்டாம்னா சொல்லுதோம்?”

கோடு குறைகிறது என்பது முறையான புகார். கூட்டுவது வீட்டுக்காரர் உரிமை. கூட்டில் நாள், நேரம் குறித்து வீச்சை மாற்றும் வசதி முதலிலிருந்தே உண்டு. இதுவரை யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான். தவமணி குறித்தாள். அமாவாசை காலை ஆறு இருபத்தைந்து முதல் ஆறு முப்பத்தைந்து வரை கால்வாசி. மற்ற நாளெல்லாம் உச்சம். இந்த முறை செண்பகவல்லியின் ரேகை முதல் தடவையே பதிந்தது.

வேலை முடிந்ததும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது பிரிவின் விதி. தவமணி பின்னறைக்குப் போய்க் கேள்கருவியைத் தலைமாட்டில் வைத்தாள். அந்தச் சின்ன ‘டக்’ சத்தத்தை அவன் அடையாளம் கண்டுகொண்டான்.

“அலைக்காரி அம்மாவா?”

“ஆமா.” கருவி அவள் குரலையும் உள்ளே கொண்டுபோனது.

“கூட்டிட்டியளா?”

“கூட்டிட்டேன்.”

“எனக்கு எல்லாம் கேட்டுது. அமாவாசையெல்லாம் கேட்டுது” என்றான். “அவட்ட ஒண்ணு சொல்லணும். நான் எதையும் மன்னிக்கல. மன்னிக்க மாட்டேன்னும் சொல்லல. ஏன் செஞ்சேன்னு அவ வாயால சொல்லட்டும், அதுக்கப்புறம் பாக்கலாம். இத மட்டும் சொல்லிருங்க.”

“சொல்றேன்.”

அவள் கூடத்துக்கு வந்தாள். செண்பகவல்லி காதடைப்பைக் கழற்றிவிட்டு, தலையைச் சாய்த்து, மழை விட்டதா என்று பார்ப்பவளைப் போல உற்றுக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு சத்தமும் இல்லை. அவள் தோள்கள் இறங்கின. பன்னிரண்டு நாளில் முதல் தடவையாக அவள் முகம் ஒரு மனுசி முகமாக இருந்தது.

“என்ன சொன்னாகக்கா?”

தவமணி பையின் வாரை மாட்டினாள். அடுத்துப் போக வேண்டிய இடம் முப்பது வீடு தள்ளி இருந்தது.

“அஞ்சு கோடும் வருதாம்” என்றாள்.

“அது போதும்” என்று சொல்லிவிட்டு செண்பகவல்லி எழுந்து பின்னறைக்குப் போனாள். விளக்கைத் துடைத்தாள். பாயை உதறி விரித்து உட்கார்ந்தாள்.

அந்த வருடத்துக்குள் ஆறாம் சுரங்கத்தில் பேழை இருந்த அறுபத்து நாலு வீட்டில் ஐம்பத்தெட்டு வீடு இதே ஏற்பாட்டைக் கேட்டு வாங்கின. அமாவாசைக் காலையில் சுரங்கம் முழுக்கச் சமையல் மணம் வரும். பத்து நிமிடம் எல்லோரும் பேழைக்குக் கைகூப்பி நிற்பார்கள், காதடைப்போடு. அலைப்பிரிவின் அறிக்கையில் வீச்சு பற்றிய புகார் ஒன்றுகூட இல்லை.

ஆனால் இந்த வீட்டில் வீச்சைக் கூட்டிய அன்று வாசலில் செருப்பை மாட்டும்போது தவமணி கவனித்தாள், கேள்கருவியை அணைக்காமல் கையிலேயே வைத்திருக்கிறாள். பின்னறை அங்கிருந்து நாலு மீட்டர்தான், கருவியின் காது கூட்டைவிடக் கூர்மை. கருவியில் இரண்டு குரல்கள் ஒரே நேரத்தில் கேட்டன. அடியில் சன்னமாக, களைக்காமல், ஒருவன் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தான். அதன் மேல், முழு வீச்சில், பாசமாக ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தாள்.

“இந்த வீட்ல நான் சொல்லுதத முழுசா கேக்குத ஒரே ஆளு நீங்கதான்.”